ஆழப் பக்கத்துக் கறை

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார். அது கோதண்டம் உட்காருகிற நாற்காலி. காவல் கொட்டகை என்னுடையது, கேட்டுச் சாவி என்னுடையது, நாற்காலி மட்டும் அவனுடையது. முதலாளி அம்மாவே வாங்கிக் கொடுத்தார்கள். நாள் முழுக்க நீச்சல் குளத்தோரம் நிற்கிறானாம், கால் வீங்குகிறதாம். மத்தியானம் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வேண்டுமாம். நான் இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் காலை யார் பார்த்தார்கள்?

சரி, உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்தால் பரவாயில்லை. அவன் வந்து பார்க்கட்டும்.

பூச்சுக் கம்பெனியிலிருந்து கறை பார்க்க வந்தவர்தானே நீங்கள்? சட்டையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். நெஞ்சில் பேர் எழுதின சட்டை. அவனும் அப்படி ஒன்றுதான் போட்டிருக்கிறான். எனக்குக் காக்கி. அம்மா திருப்பத்தூர் போயிருக்கிறார்கள். வளைவெல்லாம் ஏறி இந்த ஏலகிரிக்கு வந்து சேர நேரமாகும். அதுவரை இங்கேயே இருங்கள். கறை எங்கேயும் ஓடிப்போகாது. விசில் சத்தம் கேட்கிறதா? அவன்தான். குழந்தைகள் கரையில் ஓடினால் விசில் ஊதுவான். எனக்கும் ஒரு விசில் கேட்டேன், கேட்டுக்கு எதற்கு விசில் என்றார்கள்.

குளத்தைப் பார்க்கிறதற்கு முன்னால் யார் காரணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் முடிவாம். பெங்களூரில் இருக்கிறாரே அம்மாவின் மகன், நாங்கள் சின்னவர் என்போம், போனில் கறாராகச் சொல்லிவிட்டார். பூச்சில் குறை என்றால் கம்பெனி திரும்பப் பூசித் தர வேண்டும். பார்த்துக்கொள்கிறவன் குறை என்றால் அவனை அனுப்பிவிட வேண்டும். பார்த்துக்கொள்கிறவன் என்றால் கோதண்டம். அவன் போனால் குளம் யாருக்கு வரும் என்று எனக்கும் தெரியும், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வைத்திருக்கிறேன். அதனால்தான் விடிந்ததிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

நான் பொறாமைக்காரன் இல்லை சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோதண்டம் எனக்குச் சகலை. என் வீட்டுக்காரி பூங்காவனம் மூத்தவள். அவன் வீட்டுக்காரி அஞ்சலை இளையவள். மாமனார் வீட்டில் முதல் இலை எனக்கு, அடுத்த இலை அவனுக்கு. பொங்கலுக்கு வேட்டி கொடுத்தால் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவன் கையில் கொடுப்பார்கள். இது நான் போட்ட சட்டம் இல்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவனும் அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அந்த வாய் இருக்கிறதே, வெல்லம். அந்த வாயால்தான் ஏறிப் போனான்.

அவனை இந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். கீழே தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தான். ஷாப்பை மூடிவிட்டார்கள். அஞ்சலை வந்து என் வீட்டு வாசலில் அழுதாள். நான்தான் அம்மாவிடம், "நம்ம ஆளும்மா, செடிக்குத் தண்ணி ஊத்துவான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவன் சார். இன்றைக்கு அவனை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். இந்த விடுதியில் தங்கச் சென்னையிலிருந்து வருகிறவன், பெங்களூரிலிருந்து வருகிறவன், எல்லாரும் மாஸ்டர். என்னைப் பார்த்தால், "வாட்ச்மேன், வண்டியை எங்கே விடலாம்?"

அவன் வருவதற்கு முன்னால் குளம் என் கையில்தான் இருந்தது. அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் கொத்தனார். இந்தச் சுற்று வட்டாரத்தில் கிணறு, தொட்டி, ஊர்த் தண்ணீர் டேங்க் எல்லாம் என் கைப் பூச்சு. அம்மாவின் வீட்டுக்காரர், பெரிய ஐயா, உயிரோடு இருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "தாண்டவராயா, நீச்சல் குளம் பூசுவியா?" என்று கேட்டார். "குளம் என்னங்கய்யா பெரிய விஷயம், படுத்துக் கிடக்கிற தொட்டிதானே" என்றேன். பூசினேன். அந்தக் காலத்துச் சிமெண்டு. கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன்.

பூசி முடித்துத் தண்ணீர் விட்டேன். பாதி நிறைந்தபோது சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. மோட்டாரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஓடுகிற மோட்டாரை விட்டுவிட்டு யாராவது சோற்றுக்குப் போவார்களா? அன்றைக்குக் கறிக்குழம்பு. சாப்பிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். திரும்ப வந்து மோட்டார் போடும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. குளம் நிரம்பிக் கொஞ்ச நாள் ஆனதும் பார்த்தால் சுவரின் பாதி உயரத்தில் சுற்றிலும் ஒரு கோடு. நூல் பிடித்த மாதிரி. தண்ணீர் நின்ற இடம். எவ்வளவு மட்டமாக வந்திருந்தது தெரியுமா? ரசமட்டம் வைத்து இழுத்தாலும் அப்படி வராது. ஐயா வந்து பார்த்துவிட்டு, "என்ன தாண்டவராயா, குளத்துக்கு அரைஞாண் கட்டி விட்டிருக்கே?" என்றார். அவ்வளவு பேர் முன்னால் சொன்னார். அப்படிப் பாராட்டுகிற முதலாளி இப்போது எங்கே இருக்கிறார்கள்?

ஆனால் அம்மாவுக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. போக்கிவிடு என்றார்கள். தண்ணீரை இறக்கிவிட்டு ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கோடு போகவில்லை. மேல் பூச்சு கொஞ்சம் போனது. சொரசொரப்பாகிவிட்டது. குழந்தைகள் கால் கட்டைவிரலில் தோல் உரிகிறது என்று புகார். சொரசொரப்பாக இருந்தால்தானே சார் வழுக்காது? கோயில் படிக்கட்டை உளி வைத்துக் கொத்திவிடுகிறார்களே, எதற்கு? அப்புறம் அந்தச் சொரசொரப்பில் பாசி பிடிக்கிறது என்றார்கள். பாசி பிடித்தால் தண்ணீரில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். யாருக்குப் புரிகிறது?

அந்தச் சமயத்தில்தான் இவன் வந்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? கரையில் உட்கார்ந்து, விரல் உரிகிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தான். யாரும் சொல்லாமல். சொல்லாமல் செய்கிறவனை நம்பக்கூடாது சார். அம்மா பார்த்துவிட்டார்கள். அவனைச் சென்னைக்கு அனுப்பி ஏதோ பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் நீலப் பெட்டி. பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய். குளத்துத் தண்ணீரைப் பிடித்து நாலு சொட்டு மருந்து விட்டால் ரோஸ் கலர் வருமாம். ரோஸ் கூடினால் ஒரு பொடி, குறைந்தால் ஒரு பொடி. தண்ணீர் காரமாகிப் போனால் சுவரில் வெள்ளையாக உப்புப் படியுமாம். புளிப்பாகிப் போனால் பூச்சையே தின்றுவிடுமாம். என்னமோ பிள்ளைத்தாச்சிக்குப் பத்தியம் பார்க்கிற மாதிரி தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டு உட்காருவான்.

எனக்குப் பெட்டி வேண்டாம், நாக்கு போதும். ஒருநாள் அம்மா முன்னாலேயே குளத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துக் காட்டினேன். "சரியா இருக்கும்மா" என்றேன். அம்மா உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு வயிறு சரியில்லை. அது வேறு, காலையில் குடித்த பழைய ரசம்.

இரவு வீட்டுக்குப் போனால் அங்கேயும் இவன் பேச்சுதான். பூங்காவனம் சொல்கிறாள், "கோதண்டம் கையைப் பாருங்க, தண்ணியிலயே இருந்து பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. உங்க கை பாறை மாதிரி இருக்கு."

"பாறையைத்தானே உங்கப்பன் தேடிப் புடிச்சான்" என்றேன்.

"அவருக்கு அன்னிக்கே கண்ணுல புரை" என்கிறாள்.

இப்படி ஒரு வீடு. இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் பொறாமைக்காரனாக இருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருக்கமாட்டேனா?

பங்குனியில் உங்கள் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். வெயில் காலக் கூட்டம் வருவதற்குள் குளத்துக்குப் புதுப் பூச்சுப் போட வேண்டும் என்று. நீங்கள் அப்போது வரவில்லை, வேறு ஆட்கள். மிஷின் வைத்து என் பூச்சை உடைத்தார்கள். நான் இங்கே கேட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அதைப் பாண்டுச் சட்டியில் வாரி வெளியே கொட்டினவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அவன்தான். ஒரு கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் வந்தான். "அண்ணா, எவ்ளோ கெட்டியா போட்டிருக்கீங்க! மிஷினே திணறுது" என்றான். எப்படிக் குத்திக்காட்டுகிறான், பாருங்கள். அந்தக் கட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அதோ, கதவுக்கு அண்டை கொடுத்திருக்கிறேனே, அது.

உங்கள் பூச்சு நல்ல பூச்சுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் பொடியும் கலந்து, வெண்ணெய் தடவின மாதிரி. தொட்டுப் பார்க்கலாம் என்று கை நீட்டினேன். "அண்ணா, வேணாம்ணா, ஈரம்" என்று இவன் கத்தினான். பூச்சில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு ஈரம் சொல்லிக்கொடுக்கிறான்.

தண்ணீர் விடுகிற அன்றைக்கு அவன் போட்ட சட்டங்களைக் கேட்க வேண்டுமே. மோட்டாரைப் போட்டால் குளம் நிறைகிறவரை நிறுத்தக்கூடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர். குழாய் வாயில் துணி சுற்றி ஆழப் பக்கத்தில் தரையோடு தரையாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விழுந்து பூச்சு குழிந்துவிடும். யாரும் கால் வைக்கக்கூடாது. எந்தப் பொருளும் உள்ளே விழக்கூடாது, ஓர் இலைகூட. நிறுத்தக்கூடாது என்று சொல்லும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருந்தான் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிட்டது எனக்கு.

பூஜை போட வேண்டும் என்றார்கள் அம்மா. கரைக்கு வெளியே போட்டுக்கொள்ளலாம் என்றான். போட்டார்கள். சூடம் ஏற்றியாயிற்று. தேங்காயை எடுத்து, இத்தனை பேர் நிற்கிறோம், நான் நிற்கிறேன், அந்தக் குளத்தை முதன்முதலில் பூசினவன் நிற்கிறேன், அவனுக்கு மூத்த சகலை நிற்கிறேன், அம்மா அவன் கையில் தேங்காயைக் கொடுத்தார்கள். "மாஸ்டர், நீங்க உடைங்க."

அவன் சொன்னான், "அண்ணா உடைக்கட்டும்மா. அவருதான் பெரியவரு."

நீட்டினான். நான் வாங்கவில்லை. பிச்சையாகப் போடுகிற மரியாதை எனக்கு எதற்கு? "யாருக்குச் சொன்னாங்களோ அவங்களே உடைக்கட்டும்" என்றேன். உடைத்தான். சரிபாதியாக உடைந்தது சார். ஒரு சில்லுகூடச் சிதறவில்லை. தேங்காய்கூட அவனுக்கு அப்படித்தான் உடைகிறது.

இப்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். உங்கள் தலைக்கு மேல், நிலைப்படி ஆணியில் ஒன்று தொங்குகிறதே. லாடம். குதிரை லாடம் இல்லை, மாட்டு லாடம். பிறை மாதிரி இருக்கும். என் மாமனார் வண்டி மாடு வைத்திருந்தார். செவலைக் காளை. அதன் கால் லாடம் அது. தோஷம் தட்டாது, திருஷ்டி அண்டாது என்று மூத்த மருமகனான என்னிடம் கொடுத்தார். அவனுக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் கிணற்றில், புதுத் தொட்டியில் முதல் தண்ணீர் வரும்போது அடியில் ஒரு துண்டு இரும்பு போட்டுவிடுவோம். சிலர் ஆணி போடுவார்கள். என் அப்பா தேய்ந்துபோன பூச்சுக் கரண்டியின் முனையைப் போடுவார். அந்தத் தண்ணீருக்குக் கண்ணு படாது. இந்தக் குளத்தில் யார் போட்டார்கள்? ஒருத்தரும் போடவில்லை. தேங்காய் உடைத்த ஜோரில் எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவன் மோட்டாரைப் பார்க்கப் போனான். நான் வந்து இந்த லாடத்தைக் கழற்றிக்கொண்டு போய், கரையில் குப்புறப் படுத்து, சணலில் கோத்து ஆழப் பக்கத்தில் இறக்கினேன். அங்கே அப்போது கணுக்கால் தண்ணீர். பூச்சில் ஒரு கீறல் படாமல், தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி இறக்கிவிட்டுச் சணலை உருவிக்கொண்டேன். பூச்சுத்தான் என்னுடையது இல்லை, காவலாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று. யாரிடமும் சொல்லவில்லை. செய்துவிட்டுச் சொல்லிக் காட்டுகிற புத்தி எனக்குக் கிடையாது.

குளம் நிறைந்தது. உங்களுக்கே தெரியுமே, புதுப் பூச்சில் முதலில் தண்ணீர் பால் மாதிரி இருக்கும். அடி தெரியாது. பூச்சுப் பொடி மிதக்கிறது என்று இவன் காலையும் மாலையும் நீளக் கழியில் நைலான் பிரஷ் கட்டித் தேய்த்தான். கரையோரம் நடந்துகொண்டே, ஓர் இடம் விடாமல். சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது, அதற்குக்கூடப் போகவில்லை. "ஒரு வேளை விட்டா பொடி ஒட்டிக்கும்ணா" என்றான். நான் போனேன். அங்கேயும் என்னைப் பார்த்து, "மாஸ்டர் வரலையா?" என்றுதான் கேட்டார்கள்.

தண்ணீர் தெளிய ஆரம்பித்த ஒருநாள், பிரஷ்ஷில் ஏதோ தட்டியிருக்கிறது. குதித்து எடுத்திருக்கிறான். மத்தியான வெயிலில் சொட்டச் சொட்ட இங்கே வந்து நின்றான். துண்டில் எதையோ சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"அண்ணா" என்றான்.

"என்னப்பா?"

துண்டைப் பிரித்தான். "மாமாவோட லாடம்."

"ஆமா. நம்ம செவலைக் காளையுது."

"எதுக்குண்ணா உள்ள போட்டீங்க?"

"எதுக்குப் போடுவாங்க? திருஷ்டிக்கு. நீ தேங்காய் உடைச்சே, நான் இரும்பு போட்டேன். அவங்கவங்களுக்கு உள்ளதை அவங்கவங்க செய்யணும்."

அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "புதுப் பூச்சுண்ணா" என்றான். "துரு இறங்கிடுச்சு."

"எடுத்துட்டே இல்ல? இனிமே பாரு, என்னென்ன வருதுன்னு" என்றேன்.

லாடத்தைத் துடைத்து, அவன் கையாலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

நான் சொன்ன மாதிரியே ஆயிற்றா இல்லையா? தண்ணீர் நன்றாகத் தெளிந்ததும் ஆழப் பக்கத்தில் கறை. வெள்ளைப் பூச்சில் செங்கல் நிறத்தில் ஒரு பிறை. லாடம் உள்ளே இருந்தவரை யாராவது கறையைப் பார்த்தார்களா? நீங்களே சொல்லுங்கள். எடுத்த பிறகுதான் பார்த்தார்கள். காவலை எடுத்தான், கண்ணு பட்டுவிட்டது. இதுதான் நடந்தது. என்ன சார், சிரிக்கிறீர்கள்?

அம்மா கறையைப் பார்த்துவிட்டார்கள். நான் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறேன். "இது என்ன கோதண்டம்?" என்றார்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"நான்தாம்மா. கம்பி பிரஷ்ஷை உள்ள தவற விட்டுட்டேன். கவனிக்காம கெடந்து துரு பிடிச்சிடுச்சு."

என் லாடத்தைப் போய்ப் பிரஷ் என்கிறான் சார்! மாமனார் கையால் கொடுத்த லாடம்!

அதோடு விட்டானா? மெடிக்கலில் போய் ஆரஞ்சு மாத்திரை வாங்கி வந்தான். குழந்தைகள் சப்புமே, விட்டமின் சி, அந்த மாத்திரை. அதைப் பழைய சாக்ஸில் போட்டு நுணுக்கி, கழி முனையில் கட்டி, கறை மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். கரையெல்லாம் கூட்டம். ஒரு சின்னப் பெண், "மாஸ்டர், குளத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்கிறது. "ஆமா கண்ணு, மாத்திரை குடுத்திருக்கேன், நாளைக்குச் சரியாயிடும்" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். கழியை எடுத்தால் செங்கல் நிறம் போய் டீக்கறை மாதிரி வெளுத்திருந்தது. முழுக்கப் போகவில்லை, ஆனால் வெளுத்துவிட்டது. கை தட்டினார்கள் சார். என் கறையை அழித்து அவன் கைதட்டல் வாங்குகிறான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா சொன்னார்கள், "தப்பை மறைக்காம சொன்னே பாரு கோதண்டம், அது போதும்." எந்தத் தப்பு? யாருடைய தப்பு? நல்ல பேர் யாருக்கு?

ஆனால் சின்னவர் அம்மா மாதிரி இல்லை. கம்பெனி ஆள் வந்து பார்த்து எழுதித் தரட்டும், கவனக்குறைவு என்றால் ஆளை மாற்றிவிடுங்கள் என்றார். அப்போதுதான் என் மனசு கொஞ்சம் ஆறியது. பொய் சொன்னான் அல்லவா, அனுபவிக்கட்டும்.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"உங்க பேரைச் சொன்னா உங்களைக் கேட்டை விட்டே அனுப்பிடுவாங்கண்ணா. இந்த வயசுல எங்க போவீங்க? எனக்கு ஒடம்புல தெம்பு இருக்கு, எங்கயாவது பாத்துக்குவேன். என்னை இங்க கூட்டிட்டு வந்ததே நீங்கதானே."

கேட்டீர்களா? அவனுக்குத் தெம்பு இருக்கிறதாம். எனக்கு இல்லையாம். நேருக்கு நேர் சொல்கிறான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது, அதைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் விருந்து. பூங்காவனம்தான் தங்கச்சியையும் அவனையும் கூப்பிட்டிருந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. அஞ்சலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பூங்காவனம் இலையோடு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் முதல் இலையை அவன் முன்னால் போட்டாள்.

என் வீட்டில். என் பெண்டாட்டி. முதல் இலை.

"ஏய், கண்ணு தெரியலையா?" என்றேன்.

"இப்பத்தான் தெரியுது" என்றாள்.

அவன் பதறிப்போய் இலையை என் பக்கம் தள்ளினான். "அண்ணி, என்ன இது, அண்ணாவுக்குப் போடுங்க." அவன் தள்ளிவிட்ட இலையில் நான் சாப்பிடுவேனா? எழுந்து வந்துவிட்டேன். ராத்திரி கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. கறிக்குழம்பு சார், அன்றைக்கும்.

சரி, இப்போது சொல்லுங்கள். நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்?

கோதண்டம் போனிலேயே சொல்லிவிட்டானா? பிரஷ் என்றா? கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றானா? அதையே எழுதிவிட்டால் உங்களுக்கும் வேலை சுலபம். கம்பெனிக்கு நஷ்டம் இல்லை.

எழுதினால் அவன் போய்விடுவான்.

போகட்டும் என்றுதானே விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இருங்கள் சார், எழுந்திருக்காதீர்கள், யோசிக்கவிடுங்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கேட்டு வழியாகத்தான் போவான். கேட்டைத் திறந்துவிட வேண்டியவன் நான். போகும்போது, "வர்றேண்ணா" என்பான். அந்த வாய் அப்படித்தான் சொல்லும். ஊரெல்லாம் என்ன சொல்வார்கள்? தாண்டவராயனுக்காகக் கோதண்டம் வேலையை விட்டான் என்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் சொல்வார்கள், சாவுக்குப் போனால் சொல்வார்கள். பூங்காவனம் நான் சாகிறவரை சொல்லுவாள், செத்த பிறகு வருகிறவர்களிடமும் சொல்லுவாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் இலை அவனுக்குத்தான். நான் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே.

முடியாது சார். நல்ல பேர் எல்லாவற்றையும் அவனே கொண்டுபோவான் என்றால் முடியாது.

எழுந்திருங்கள். அந்த நாற்காலி வேண்டும், ஆணி எட்டவில்லை. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆடுகிறது. ஆங், வந்துவிட்டது. இந்தாருங்கள், இதில் பாருங்கள், பிறைக்குள் சின்னச் சின்ன ஓட்டை. ஆணி அடிக்கிற ஓட்டை. இப்போது குளத்துக்கு வாருங்கள். அந்தக் கறைக்குள்ளும் இதே இடத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கும், வெளுத்த பிறகும் தெரிகிறது, நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். பிரஷ்ஷுக்கு ஏது சார் ஆணி ஓட்டை? சணலில் கட்டி இறக்கி, மேலே வைத்துக் காட்டுகிறேன். அச்சு பிசகாமல் உட்காரும்.

எழுதிக்கொள்ளுங்கள். தாண்டவராயன், கொத்தனார். வாட்ச்மேன் என்று எழுத வேண்டாம். இந்தக் குளத்தை முதலில் பூசினவன் என்றும் சேர்த்து எழுதுங்கள். கேட்டை யாராவது பார்த்துக்கொள்ளட்டும், சாவி இதோ ஸ்டூல் மேல் இருக்கிறது.

விசில் நின்றுவிட்டது, கேட்டீர்களா? நம்மைப் பார்த்துவிட்டான். இப்போது ஓடி வருவான் பாருங்கள். "இல்ல சார், அவரு ஏதோ சொல்றாரு, நான்தான் சார்" என்பான். காதில் வாங்காதீர்கள். அவனுக்கு எல்லாமே வேண்டும் சார். குளத்தை எடுத்துக்கொண்டான், தேங்காயை எடுத்துக்கொண்டான், என் வீட்டு இலையை எடுத்துக்கொண்டான்.

இந்தக் கறையைக் கொடுக்கமாட்டேன்.